படம் முடிந்த பின் கதைப்பது எதற்காக?



நாவல், சிறுகதை, கவிதை என்று இலக்கியத்தைப் பற்றியே பெரும்பாலும் பேசிவரும் இத்தொடரில், இடையிடையே திரைப்படங்களைப் பற்றியும் சொல்லி வந்திருக்கிறேன். அண்மையில் ஒரு நேயர் கடிதம் எழுதியிருந்தார். பண்பாக எழுதப்பட்ட கடிதம்தான். ஆனால் அதிலிருந்த ஒரு கேள்வி என்னைச் சில நாட்களாக விடவில்லை. "நீங்கள் நாலைந்து பேர் ஒரு மண்டபத்தில் விழாப் படமொன்றைப் பார்த்துவிட்டு, அது நல்லது, இது கூடாது என்று கதைத்துக்கொள்கிறீர்கள். அந்தப் படங்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வருவதேயில்லை. உங்கள் கதையால் யாருக்கு என்ன பிரயோசனம்?"

நியாயமான கேள்வி. இன்றைய பொழுதை அதற்குப் பதில் தேடுவதற்கே ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் என் சொந்த அனுபவம் ஒன்று. கொழும்பில் அலியான்ஸ் பிரான்சேஸ், ஜேர்மன் கலாசார நிலையம், ரஷ்யக் கலாசார நிலையம் போன்ற இடங்களில் நல்ல படங்களைக் காட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. திரைப்படச் சங்கங்களும் இருந்தன. அப்படியொரு சங்கத்தின் காட்சியில்தான் சத்யஜித் ரேயின் 'பாதேர் பாஞ்சாலி'யை முதன்முதலாகப் பார்த்தேன். படம் முடிந்து வெளியே வந்ததும், கூட வந்த நண்பர் கேட்டார். அவர் ஒரு தமிழாசிரியர்.

"எப்பிடி ஐசே படம்?"

"நல்ல படம்தான். ஆனால் கொஞ்சம் மெதுவாய்ப் போகுது."

"எந்த இடத்திலை மெதுவாய்ப் போகுது? சொல்லும் பாப்பம்."

நான் விழித்தேன். எந்த இடம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மற்றவர்கள் சொல்லக் கேட்டு வைத்திருந்த ஒரு வார்த்தையை, நானே கண்டுபிடித்ததுபோலச் சொல்லியிருந்தேன். நண்பர் விடவில்லை. "அந்தக் கழுத்துமாலை ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டார்.

படத்தின் இடையில், அயல்வீட்டு மாலையொன்றைத் திருடிவிட்டாள் என்று சிறுமி துர்காமீது பழி விழுகிறது. அவள் மறுக்கிறாள். தாய் அவளை அடிக்கிறாள். பின்னர் மழையில் நனைந்து காய்ச்சல் கண்டு துர்கா இறந்துபோகிறாள். குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படும் வேளையில், தம்பி அப்பு தட்டிலிருந்த ஒரு சிரட்டையை எடுக்கும்போது அந்த மாலை அதற்குள்ளே கிடக்கிறது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஓடிப்போய்க் குளத்தில் எறிகிறான். மாலை விழுந்த இடத்தில் பாசி விலகுகிறது. பிறகு மெல்ல மெல்லத் திரும்பவும் மூடிக்கொள்கிறது.

இதை நானும் பார்த்தேன். ஆனால் ஒரு பையன் எதையோ குளத்தில் எறிகிறான் என்ற அளவில்தான் பார்த்தேன். அக்காவின் இரகசியத்தை அந்தச் சிறுவன் ஆயுள் முழுவதற்கும் தன்னோடு வைத்துக்கொள்ளப் போகிறான் என்பது, நண்பர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் "மெதுவாய்ப் போகுது" என்ற இடங்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். பாசி மூடும்வரை கமரா காத்திருக்கிறதே, அதற்குத்தான் அந்த நேரம்.

அன்றிலிருந்து ஒன்றை வழக்கமாக்கிக்கொண்டேன். படத்தைப் பற்றி யார் கேட்டாலும், கண்டது என்ன என்பதை முதலில் சொல்வது. பிடித்ததா இல்லையா என்பதை அதற்குப் பிறகு சொல்வது. நாலுபேர் கூடிக் கதைப்பதன் முதற் பிரயோசனம் இதுதான் என்பேன். நான் காணாததை இன்னொருவர் கண்டிருப்பார். அவர் காணாததில் ஏதோ ஒன்றை நான் கண்டிருப்பேன்.

இது தனிமனிதர்களின் இரசனை பற்றிய விஷயம். இரசிகர்களின் பேச்சு ஒரு படத்தின் தலைவிதியையே மாற்றிய சந்தர்ப்பங்களும் உண்டு. அதே 'பாதேர் பாஞ்சாலி'யை எடுத்துக்கொள்வோம். 1955 ஓகஸ்ட் மாதத்தில் கல்கத்தாவில் அது வெளியானபோது ஆரம்ப நாட்களில் கூட்டம் இல்லை. பார்த்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல, அதன் பிறகே கூட்டம் சேர்ந்தது. அடுத்த ஆண்டு, 1956 இல், பிரான்சின் கான் விழாவுக்கு அப்படம் சென்றது. அங்கே அதற்குக் கிடைத்த நேரம் வசதியானதல்ல. வேறொரு விருந்துபசாரமும் அதே வேளையில் நடந்ததால் பலர் படத்துக்கு வரவில்லை. வந்திருந்த சில விமர்சகர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்கள் கண்டதை மற்றவர்களிடம் சொல்லி, படத்தை மீண்டும் திரையிட வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். இரண்டாவது காட்சி நடந்தது. சிறந்த மானிட ஆவணம் என்ற பரிசு அப்படத்துக்குக் கிடைத்தது. அந்தச் சிலர் வாயை மூடிக்கொண்டு தங்கள் அறைகளுக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான்கு ஆண்டுகளின் பின், 1960 இல், அதே கான் விழாவில் இத்தாலிய நெறியாளர் மிக்கலாஞ்சலோ அந்தோனியோனியின் 'லா அவென்தூரா' காட்டப்பட்டது. ஒரு தீவில் ஒரு பெண் காணாமற் போகிறாள். தேடுகிறார்கள். கடைசிவரை அவள் கிடைக்கவில்லை. என்ன நடந்தது என்றும் படம் சொல்லவில்லை. சபையிலிருந்தவர்கள் சிரித்தார்கள், கூச்சலிட்டார்கள். ஆனால் மறுநாள் நெறியாளர் ரொபெர்த்தோ ரொசெல்லினி உட்படத் திரைத்துறையினரும் விமர்சகர்களும் பலர் கையெழுத்திட்டு, அப்படத்தைப் பாராட்டி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். முடிவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு அதற்கு வழங்கப்பட்டது. கூச்சலும் ஓர் அபிப்பிராயம்தான், அறிக்கையும் ஓர் அபிப்பிராயம்தான். வித்தியாசம் என்னவென்றால், அறிக்கை எழுதியவர்கள் ஓர் இரவு யோசித்திருந்தார்கள்.

இவ்விடத்தில் விழாக்களின் நடைமுறையைச் சற்று விளக்க வேண்டும். பரிசு பெற்றது என்றாலே அதற்குமேல் பேச்சில்லை என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். கான் போன்ற பெரிய விழாவின் போட்டிப் பிரிவில் ஏறக்குறைய 20 படங்கள் இருக்கும். பத்துப் பேருக்கும் குறைந்த ஒரு நடுவர் குழு, இரண்டு வாரத்துக்கும் குறைந்த காலத்தில் அவை அனைத்தையும் பார்த்து முடிவு சொல்லிவிட வேண்டும். ஒருவர் ஒரு படத்தை விரும்புவார், இன்னொருவர் வேறொன்றை விரும்புவார். இறுதியில் ஓர் இணக்கத்துக்கு வருவார்கள். ஆகவே விழாப் பரிசு என்பது அந்த ஆண்டில், அந்தச் சிலர், அந்தச் சில நாட்களில் வந்தடைந்த முடிவு. அதற்கு மதிப்புக் கொடுப்போம். நம் கண்ணை அதனிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை.

காலம் போகப் போக அபிப்பிராயம் எவ்வளவு மாறும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். லண்டனிலிருந்து வரும் 'சைட் அன்ட் சவுண்ட்' என்ற சஞ்சிகை 1952 தொடக்கம் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, உலகின் சிறந்த படங்களைப் பட்டியலிடுகிறது. அல்பிரட் ஹிட்ச்கொக்கின் 'வேர்டிகோ' 1958 இல் வெளியானது. முதற் பத்துப் படங்களுக்குள் அது இடம்பெறுவதற்கு 1982 வரை காத்திருக்க நேர்ந்தது. 2012 இல் அதுவே முதலிடத்துக்கு வந்தது. 2022 இல் முதலிடம், ஷன்தால் அக்கர்மன் என்ற பெல்ஜிய நாட்டுப் பெண் நெறியாளர் 1975 இல் எடுத்த 'ஜான் டீல்மன்' படத்துக்குப் போயிற்று. படங்கள் மாறவில்லை. பார்த்தவர்கள் திரும்பத் திரும்பப் பேசியதால் பார்வை மாறியது.

எங்கள் நாட்டுக்கு வருவோம். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' 1956 டிசம்பரில் வெளியாகி, 1957 இல் கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. ஸ்ரூடியோச் சுவர்களை விட்டு உண்மையான கிராமத்துக்குக் கமராவைக் கொண்டுபோன படம் அது. வெளிநாட்டில் பேசப்பட்டது; உள்ளூரில் வசூல் இல்லை. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலை அடியொற்றி அவர் நெறிப்படுத்திய 'கம்பெரலிய', 1965 இல் புதுடில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்கமயில் விருதைப் பெற்றது. வழக்கமான ஆடல் பாடல்கள் இல்லாமலும் சிங்களப் படமொன்று நிற்க முடியும் என்று அது காட்டிற்று. இந்த இரு படங்களுக்கும் இடையிலான ஆண்டுகளில், பத்திரிகைகளிலும் திரைப்படச் சங்கங்களிலும் படங்களைப் பற்றி எழுதியும் பேசியும் வந்த இரசிகர்களின் பங்கையும் நாம் மறந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

ஆனால் பேச்சுக்கு ஒரு நோயும் உண்டு. பார்க்காமலே பேசுவது. பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' 1997 இல் உருவான படம். அதே ஆண்டில் பிரான்சின் அமியான் விழாவில் முதன்மைப் பரிசைப் பெற்றது. பார்வையற்ற ஒரு முதிய தகப்பன். போர்முனையிலிருந்து மூடி முத்திரையிட்ட பெட்டியில் வந்த மகன் இறந்துவிட்டான் என்பதை நம்ப மறுக்கிறார். ஜோ அபேவிக்கிரம நடித்த பாத்திரம் அது. 2000 ஆம் ஆண்டில் உள்நாட்டில் திரையிட இப்படத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. நெறியாளர் உயர் நீதிமன்றம் சென்றார். 2001 இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கிடைத்து, படம் மக்களிடம் வந்தது.

இடைப்பட்ட காலத்தில் அந்தப் படத்தைப் பற்றி எத்தனை வாக்குவாதங்கள்! சிங்களவருக்கு எதிரான படம் என்றார் ஒருவர். தமிழருக்குச் சார்பான படம் என்றார் இன்னொருவர். இருவருமே படத்தைப் பார்த்திருக்கவில்லை. நானும் பார்க்காமலே அதை ஆதரித்துப் பேசியிருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னர் படத்தைப் பார்த்தபோது, நாங்கள் வாதாடிய விஷயங்கள் எதுவும் அதில் முதன்மையாக இருக்கவில்லை. அங்கே ஒரு கிழவர் இருந்தார். நட்டஈட்டுப் பத்திரத்தில் கையெழுத்திட மறுக்கும் அவருடைய பிடிவாதம் இருந்தது. எந்த மொழி பேசும் தகப்பனுக்கும் அந்தப் பிடிவாதம் விளங்கும்.

அண்மைக்காலப் படங்களிலும் இரண்டைச் சொல்லலாம். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 இல் றொட்டர்டாம் விழாவில் புலி விருதைப் பெற்றது. அவ்விருதை வென்ற முதல் தமிழ்ப் படம் அது. கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்ட மனைவியை அழைத்துவரக் குடிகாரத் தகப்பன் ஒருவன் சிறுவனான மகனையும் இழுத்துக்கொண்டு போகிறான். மதுரைப் பக்கத்து வெயிலில், வரண்ட நிலத்தில் நடக்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

நாங்கள் சிலர் கூடி இதைப் பார்த்தோம். படம் முடிந்ததும் ஒருவர் சொன்னார்: "வறுமையைக் காட்டி வெள்ளைக்காரனிடம் பரிசு வாங்குகிறார்கள்." ரேமீதும் சுமத்தப்பட்ட பழைய குற்றச்சாட்டுத்தான். அதை முற்றாக ஒதுக்கவும் முடியாது. வறுமையை விற்பனைக்கு வைக்கும் படங்களும் இருக்கத்தான் செய்கின்றன. நான் மறுமொழி யோசித்துக்கொண்டிருக்க, வன்னியில் பிறந்து வளர்ந்த ஓர் அம்மா பேசினார். படத்தின் இறுதியில் பெண்கள் ஒரு குழியைச் சுற்றியிருந்து, ஊறி வரும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் குடத்தை நிரப்பும் காட்சி வருகிறது. "நாங்களும் கோடையிலை ஊத்துத் தோண்டி, சிரட்டையாலை அள்ளினனாங்கள். அது ஊறுமட்டும் இருக்கோணும். அவசரப்பட்டால் சேறுதான் வரும். இந்தப் பெடியன் அதைச் சரியாய் எடுத்திருக்கிறான்" என்றார் அவர்.

அந்த மறுமொழிக்குப் பிறகு வாதத்தின் போக்கே மாறிவிட்டது. பரிசு, வெள்ளைக்காரன் என்ற பேச்சு நின்று, காட்சிகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினோம். சிறுவன் தாகத்துக்காக வாயில் போட்டுக்கொண்ட கூழாங்கல்லை வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே பல கற்கள் குவிந்து கிடக்கின்றன என்பதை ஒருவர் நினைவூட்டினார். இப்படி எத்தனை தடவை அவன் நடந்திருக்கிறான் என்பதற்கு அதுவே கணக்கு. குற்றஞ்சாட்டிய நண்பர் கடைசிவரை தமது கருத்தை முழுவதாக மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் "அந்தக் கல்லை நான் கவனிக்கயில்லை" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மற்றது, 2023 இல் தென்கொரியாவின் பூசான் விழாவில் கிம் ஜிசொக் விருதைப் பெற்ற 'பரடைஸ்'. இதுவும் பிரசன்ன விதானகேயின் படமே. 2022 பொருளாதார நெருக்கடியின்போது, எரிபொருள் வரிசைகளும் ஆர்ப்பாட்டங்களுமாக இருந்த இலங்கைக்கு, கேரளத்துத் தம்பதி ஒன்று சுற்றுலா வருகிறது. எங்களில் சிலர் இதை ஒரு மணவாழ்க்கையின் கதையாகப் பார்த்தார்கள். சிலர் நெருக்கடிக் காலத்தின் கதையாகவும், பொலிஸாரின் கையில் அகப்படும் ஏழைகளின் கதையாகவும் பார்த்தார்கள். குரொசாவாவின் 'ரஷோமோன்' படத்தில் ஒரே சம்பவத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள் அல்லவா? அன்றைய எங்கள் கூட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. எல்லோரும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் படம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

இனி, நேயரின் கேள்விக்கு முக்கியமான பதில் என்று நான் கருதுவதைச் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்குச் சற்று வெட்கமாகவும் இருக்கிறது.

ஈழத்துத் தமிழ்த் திரைப்பட வரலாறு 1962 இல் வந்த 'சமுதாயம்' படத்தோடு தொடங்குகிறது. 16 மில்லிமீற்றரில் எடுக்கப்பட்ட படம் அது. அடுத்த ஆண்டு 'தோட்டக்காரி' வந்தது. 1972 இல் 'குத்துவிளக்கு', 1977 இல் தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய 'பொன்மணி', 1978 இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து உருவான 'வாடைக்காற்று' என்று ஒரு வரிசை உண்டு. இந்தியப் படங்களின் போட்டிக்கு நடுவே, பணத்தை இழந்தும் மனந்தளராமல் சிலர் எடுத்த படங்கள் இவை. 1983 யூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அதற்குள் இருந்த படச்சுருள்களும் சாம்பலாயின. இந்நாட்டின் திரைப்படச் செல்வத்தில் சிங்களப் படங்களும் தமிழ்ப் படங்களுமாக எத்தனையோ அந்நாட்களில் அழிந்தன.

சென்ற வருடம் பல்கலைக்கழக மாணவி ஒருவர் என்னைத் தேடி வந்தார். உள்ளூர்த் தமிழ்ப் படங்களைப் பற்றி ஆய்வு செய்கிறார். ஒரு படத்தின் பெயரைச் சொல்லி, "சேர், பிரதி எங்கேயும் கிடைக்கயில்லை. நீங்கள் தியேட்டரிலை பாத்தனீங்கள் எண்டு சொல்லிச்சினம். அதிலை கமரா எப்பிடி இருந்தது? பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சோ, இந்தியப் பேச்சோ? சனம் எந்த இடத்திலை சிரிச்சது?" என்று கேட்டார்.

"இருங்கோ பிள்ளை, எழுதி வைச்சிருக்கிறன்" என்று பெருமையோடு எழுந்துபோய் எனது பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். அந்தப் பக்கமும் கிடைத்தது. திகதி இருந்தது. படமாளிகையின் பெயர் இருந்தது. யாருடன் போனேன் என்றும், இடைவேளையில் சோடா குடித்தோம் என்றும் இருந்தது. படத்தைப் பற்றி ஒரேயொரு சொல்தான் இருந்தது: "பரவாயில்லை."

அந்த மாணவி அந்த ஒரு சொல்லையும் மரியாதையாகத் தமது கொப்பியில் எழுதிக்கொண்டார். அதற்குமேல் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. நினைவைக் கிளறிப் பார்த்தேன். ஒரு கடற்கரை, வெள்ளைச் சேலையில் ஒரு பெண், அவ்வளவுதான். அதுவும் அந்தப் படத்தில் வந்ததா, வேறொரு படத்தில் வந்ததா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

இன்று பழைய படங்களைத் திருத்தி மீட்டெடுக்கும் முயற்சிகள் நடக்கின்றன. லெஸ்டரின் 'நிதானய' புதுப்பிக்கப்பட்டு 2013 இல் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டது. சுமித்ரா பீரிஸ் 1978 இல் எடுத்த 'கெஹெனு லமை' அவர் மறைந்த பின்னர், 2025 இல், கான் விழாவின் பழம்பெரும் படங்கள் பிரிவில் புதுப்பொலிவோடு திரையிடப்பட்டது. மகிழ்ச்சியான செய்திகள். ஆனால் சுருளே இல்லாத படத்தை எந்த இயந்திரமும் மீட்டுத் தராது. அதற்குப் பார்த்தவர்களின் வாய்ச்சொல்லும் எழுத்தும்தான் உண்டு. தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ் சினிமாவின் கதை' என்ற நூலில் தகவல்களைத் தேடித் தொகுத்துத் தந்திருக்கிறார். அப்படியான ஒரு நூலுக்கும் அன்றைய பத்திரிகைக் குறிப்புகளும் மனிதர்களின் நினைவுகளும்தானே ஆதாரம்?

ஆகவே அந்த நேயருக்கு என் பதில் இது. நாங்கள் மண்டபத்தில் பார்க்கும் படம் உங்கள் ஊருக்கு வராமல் போகலாம். அப்படியானால் நான் கண்டதை ஒழுங்காகச் சொல்வது என் கடமையாகிறது. "நல்ல படம்", "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். அதேபோல உங்களிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. 1983 க்கு முன்னர் உங்கள் ஊர்ப் படமாளிகையில் உள்ளூர்த் தமிழ்ப் படம் எதையாவது பார்த்திருக்கிறீர்களா? நல்லதா கூடாதா என்று சொல்ல வேண்டியதில்லை. நினைவில் நிற்கும் ஒரு காட்சி போதும்: யார் நின்றார், என்ன சொன்னார், சபையில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள். ஒரு தபாலட்டையில் எழுதி, பார்த்த ஆண்டையும் ஊரையும் குறித்து இந்த நிகழ்ச்சிக்கு அனுப்புங்கள். வருவதையெல்லாம் சேர்த்து அந்த மாணவியிடம் ஒப்படைக்கிறேன். என் பக்கத்தில் இருக்கும் அந்த ஒற்றைச் சொல்லுக்கு அருகே உங்கள் வரிகளும் இருக்கட்டும்.